பினாங்கு கேபரேயில் ஒரு தென்காசிக் கிளாரினெட்

1

போன மாதம் ஒரு நாள் என் மகன் முத்து பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் வராததுமாகப் பையைத் தூக்கி எறிந்துவிட்டு, "அப்பா, உங்க ஊர்ல கேபரே உண்டா?" என்று கேட்டான்.

எட்டு வயது. பினாங்கில் பிறந்தவன். அவனுக்குத் தென்காசி எப்போதும் 'உங்க ஊர்'தான். 'நம்ம ஊர்' என்று சொல் என்று பல தடவை திருத்திப் பார்த்தேன். மலாய்ப் பையன்களோடு மலாயும் சீனப் பையன்களோடு இங்கிலீஷும் பேசுகிறவன், மிச்சம் மீதி இருக்கிற தமிழை எங்களுக்குக் கொடுக்கிறான். அதில் குற்றம் கண்டுபிடித்தால் அதுவும் நின்றுபோகும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கு வகுப்பில் ஒவ்வொரு பையனையும் எழுப்பி, தகப்பனுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார் வாத்தியார். ஒருவன் துறைமுகம் என்றான், ஒருவன் தபாலாபீஸ் என்றான். இவன் 'கேபரே' என்றானாம். வகுப்பு முழுக்கச் சிரித்ததாம். ஏன் சிரித்தார்கள் என்று அவனுக்கு விளங்கவில்லை. ஊரில் இதே வேலை எல்லோரும் செய்வார்களாக்கும் என்று நினைத்துக்கொண்டு என்னிடம் வந்து கேட்கிறான்.

"இல்லப்பா. அங்கன கோயில் இருக்கு, அருவி இருக்கு. கேபரேல்லாம் கெடையாது" என்றேன்.

வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்த பொன்னம்மா, என் மனைவி, நிமிர்ந்து பார்த்தாள். "பிள்ளைக்கிட்ட ஏன் பொய் சொல்லுதிய? குத்தாலத்துப் பங்களாவ மறந்தாச்சோ?"

மறக்கவில்லை. மறந்திருந்தால் இவ்வளவு எரிச்சல் இருக்காது.

2

எங்களுடையது தென்காசியில் மேளக்காரக் குடும்பம். நாயனம் வாசிப்பவர்களைப் பெரிய மேளம் என்பார்கள். எங்களைப் போல ஆட்டத்துக்கு வாசிப்பவர்கள் சின்ன மேளம். என் அக்கா ஆடுவாள். நான் கிளாரினெட் ஊதுவேன். அது வெள்ளைக்காரன் வாத்தியம்தான், ஆனால் எங்கள் சதிராட்டத்தில் நுழைந்து எத்தனையோ காலமாகிவிட்டது. கோயிலில் எங்கள் பங்கு கொஞ்சம். சோறு போட்டது குற்றாலத்துச் சீசன்தான்.

இதைப் படிக்கிறவர்களில் பலருக்கு அந்தச் சீசன் தெரிந்திருக்கும். காலையில் மிராசுதார்களும் வக்கீல்களும் உடம்பு முழுக்க எண்ணெய் வடியப் பேரருவிக்குக் கிளம்புவார்கள். குளித்துவிட்டு வந்து விபூதி பூசிக்கொண்டு சாமி கும்பிடுவார்கள். மத்தியானம் பெரிய சாப்பாடு, பிறகு தூக்கம். எழுந்து காப்பி குடித்ததும் பங்களாக் கூடத்தில் சமுக்காளம் விரிக்கப்படும். அக்கா சலங்கை கட்டுவாள். சாரல் காற்றில் மத்தளத்தின் தோல் தளர்ந்துபோகும். சமையல்கட்டுக்குப் போய்க் கரியடுப்பில் காட்டி விறைப்பாக்கிக்கொண்டு வருவோம். அந்த வீட்டுப் பெண்கள் உள்ளறைச் சன்னலுக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள். ஆண்கள் சாய்வு நாற்காலியில் கிடந்து பார்ப்பார்கள். அக்கா ஆடுவது சாமி மேல் பாட்டு. அவர்கள் பார்ப்பது சாமியை இல்லை. இது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும், சன்னலுக்குப் பின்னால் நின்ற பெண்களுக்கும் தெரியும்.

கடையம் பக்கத்துப் பண்ணையார் ஒருவர் வருஷம் தவறாமல் எங்களை அழைப்பார். அவர் பெயர் இங்கே வேண்டாம். காம்போதி ராகத்தில் ஒரு பதம் அவருக்கு உயிர். ஒரு தடவை ஆடி முடித்தால், "ஏட்டி, இன்னொருக்க" என்பார். மூன்றாவது தடவையும் ஆடினால்தான் திருப்தி. அக்காவுக்கு முட்டி வலி அப்போதே உண்டு.

பிறகு அந்தப் பண்ணையார் ஒரு நாள் தென்காசியில் மேடை போட்டுப் பேசினார். சதிர் அசிங்கம், நாட்டுக்கே அவமானம், இனி எந்தப் பெரிய மனிதன் வீட்டிலும் நடக்கக்கூடாது, முதலில் என் பங்களாவில் நிறுத்துகிறேன் என்றார். கைதட்டல் எங்கள் தெரு வரைக்கும் கேட்டது. அவர் சொன்னது தப்பில்லை. என் மகள் கோமதிக்குச் சலங்கை கட்டக்கூடாது, பிள்ளை படிக்கட்டும் என்று அதற்கு முன்பே சொன்னவள் அக்காதான். ஆனாலும் அன்றைக்கு அவள் சொன்னது நினைவிருக்கிறது.

"வேண்டாம்ங்குதாவ, சரி. எனக்கும் காலு வலிக்கத்தான் செய்யுது. பெறகு என்ன செய்யப் போறன்னு ஒருத்தராவது கேட்டாவளா?"

ஒருவரும் கேட்கவில்லை. ஆடச் சொன்னபோதும் அவளைக் கேட்டதில்லை, நிறுத்தச் சொன்னபோதும் கேட்கவில்லை. இப்போது சென்னையில் பெரிய வீட்டுப் பெண்கள் அதே ஆட்டத்தை வேறு பெயர் வைத்துக் கற்றுக்கொள்கிறார்களாம். நல்லது. அவர்களுக்கு முட்டி வலி வந்தால் டாக்டர் இருப்பார்.

அடுத்த சீசனில் எங்களை யாரும் கூப்பிடவில்லை. நான் கப்பலேறினேன். பொன்னம்மா பின்னால் வந்து சேர்ந்தாள். கோமதி படிப்பில் கெட்டி. அவள் படிப்பு கெட வேண்டாம் என்று அக்காவிடம் விட்டுவிட்டு வந்தோம்.

3

பினாங்கில் இறங்கியபோது ஆபீசர் என்ன தொழில் என்று கேட்டார். கோயிலில் ஊதுவேன் என்றேன். மொழிபெயர்த்தவர் என்ன சொன்னாரோ, காகிதத்தில் நான் அர்ச்சகராகிவிட்டேன். அதைத் திருத்த மூன்று ஆபீஸ் ஏறி இறங்கிவிட்டு, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். சர்க்கார் கணக்கில் இன்றைக்கும் ஓர் அர்ச்சகர்தான் கேபரேயில் ஊதிக்கொண்டிருக்கிறார்.

கேபரே என்றால் ஊரில் என்னென்னவோ நினைக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். இங்கே அது ஒரு பெரிய கேளிக்கைத் தோட்டத்துக்குள் இருக்கிற கூடம். நடுவில் மெழுகு போட்டுத் தேய்த்த பலகைத் தரை. ஒரு பக்கம் ஆடும் பெண்கள் நாற்காலிகளில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். சீனப் பெண்கள், சயாம் பெண்கள், வெள்ளைக்காரக் கலப்புள்ள சட்டைக்காரப் பெண்கள். வருகிறவன் சீட்டு வாங்கி, பிடித்த பெண்ணிடம் கொடுத்தால் ஒரு பாட்டுக்கு அவனோடு ஆடுவாள். பாட்டு முடிந்தால் ஆட்டம் முடிந்தது. கால் வலிக்கிறது என்று சொன்னால் எவனும் 'இன்னொருக்க' என்று கேட்க முடியாது, வாசலில் நிற்கும் சீக்கியர் வெளியே கொண்டுபோய் விடுவார். எல்லோரும் அவளை மிஸ் என்று அழைக்கிறார்கள். இதைச் சொர்க்கம் என்று சொல்லவில்லை. அந்தப் பெண்கள் சிலர் அழுவதைப் பின்கட்டில் பார்த்திருக்கிறேன். ஆனால் அவர்களை யாரும் சாமி பெயரைச் சொல்லி ஏமாற்றவில்லை.

பாண்டு வாத்தியக்காரர்கள் எல்லோரும் மணிலாக்காரர்கள். தலைவர் பெட்ரோ நல்ல மனிதர். அவர் ஒரு தடவை வாசித்துக் காட்டினால் நான் அதைச் சுரமாகப் பிடித்துக்கொள்வேன்.

முதல் நாள் நடந்ததைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். எங்கள் சதிரில் வாத்தியக்காரர்கள் உட்காருவது கிடையாது. மத்தளத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு, தாளத்தையும் கிளாரினெட்டையும் பிடித்துக்கொண்டு ஆடுகிறவளுக்குப் பின்னாலேயே நிற்போம். அவள் முன்னால் போனால் நாங்களும் போவோம், பின்னால் வந்தால் நாங்களும் வருவோம். சிறு வயதிலிருந்து அப்படியே பழகிய கால். கேபரேயில் மேடை மேல் நாற்காலி போட்டு உட்கார வைத்திருந்தார்கள். முதல் பாட்டு ஆரம்பித்தது, ஒரு ஜோடி ஆடத் தொடங்கியது. நான் ஊதிக்கொண்டே எழுந்து, படியிறங்கி, அந்த ஜோடிக்குப் பின்னால் கைக்கெட்டும் தூரத்தில் போய் நின்றுவிட்டேன். அவர்கள் சுற்றினால் நானும் சுற்றுகிறேன். அவர்கள் தள்ளிப் போனால் நானும் போகிறேன். ஏதோ ரப்பர்த் தோட்டத்துத் துரை அவர், என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வேகமாகச் சுற்றுகிறார். நானும் விடவில்லை. கூடமே எழுந்து நின்று சிரித்தது. பெட்ரோ ஓடி வந்து என் கோட்டைப் பிடித்து இழுத்த பிறகுதான் நான் எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரிந்தது.

அன்றோடு வேலை போய்விட்டது என்று நினைத்தேன். சீன முதலாளி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தினமும் ஒரு பாட்டுக்கு அப்படியே செய்யச் சொல்லிவிட்டார். இறகு வைத்த தலைப்பாகை ஒன்றும் வாங்கிக் கொடுத்தார். எங்கள் குடும்பத்தில் தலைமுறையாகச் செய்துவந்த மரியாதையான வேலைமுறை இங்கே கோமாளிக்கூத்து. அதற்காகத்தான் எனக்குச் சம்பளம். ஆரம்பத்தில் வீட்டுக்கு வந்ததும் அந்தத் தலைப்பாகையைக் காலால் எத்துவேன். இப்போது ஆணியில் மாட்டுகிறேன்.

4

கோமதி பள்ளி இறுதி வகுப்பில் தேறினாள். உபாத்தியாயினியாக வேண்டும் என்பது அவள் ஆசை, அக்காவின் ஆசை, எங்கள் எல்லோரின் ஆசையும். பாளையங்கோட்டையில் பெண்களுக்கான பயிற்சிப் பள்ளிக்கு விண்ணப்பம் போட வேண்டும். பெண் நல்ல குடும்பத்தைச் சேர்ந்தவள் என்று ஊர்ப் பெரியவர் ஒருவர் கையெழுத்திட்டால்தான் வாங்கிக்கொள்வார்கள். அக்கா தென்காசியில் ஏறாத படி இல்லை. எங்கள் தெருவின் பெயரைச் சொன்னதும் பெரியவர்களின் பேனாக்களில் மை இல்லாமல் போய்விடுகிறது. ஒரு வருஷம் வீணாயிற்று. இந்த வருஷமும் கிடைக்காவிட்டால் அவளுக்கு வயது கடந்துவிடும்.

அந்தச் சமயத்தில்தான் நம் பண்ணையார் பினாங்குக்கு வந்தார். சீர்திருத்தச் சங்கத்துக்குக் கட்டிடம் எழுப்ப இங்குள்ள தமிழ் வியாபாரிகளின் உதவி கேட்டு வந்திருந்தார். கூட்டம் போட்டார்கள், மாலை போட்டார்கள். மறுநாள் மூன்று வியாபாரிகள் அவரை ஊர் சுற்றிக்காட்டக் கூட்டிக்கொண்டு கிளம்பி, சாயங்காலம் தேநீரோடு நடக்கும் ஆட்டத்துக்கு எங்கள் கூடத்துக்கே வந்து சேர்ந்தார்கள்.

மேடையிலிருந்து பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அதே சரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம். பாவம், மண்டபத்துக்குள் நுழைவதாக நினைத்துச் செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு வந்திருந்தார். கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். பிறகு வியாபாரிகள் வற்புறுத்தினார்கள். அதிகம் வற்புறுத்தவில்லை. சீட்டு வந்தது. மிஸ் லில்லி என்ற சீனப் பெண் எழுந்து வந்து அவர் கையைப் பிடித்து நடுத் தரைக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அது நான் பின்னால் நடந்து ஊதுகிற பாட்டு. நான் இறங்கியே ஆக வேண்டும்.

இறகுத் தலைப்பாகையோடு பண்ணையாருக்குப் பின்னால் போய் நின்றேன். அக்காவுக்குப் பின்னால் எத்தனை வருஷம் நின்றிருக்கிறேன். அப்போது நாற்காலியில் கிடந்தவர் இப்போது ஆடுகிறார், நான் பின்னால் ஊதுகிறேன். வேட்டி தடுக்குகிறது, மூச்சு வாங்குகிறது, லில்லிதான் அவரைச் சுமக்கிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கிளாரினெட்டால் அந்தத் தலையில் ஒன்று போடலாமா என்றுகூட வந்தது. செய்யவில்லை. வெள்ளைக்காரன் பாட்டுக்கு நடுவில் காம்போதியை நுழைத்தேன். அவருடைய அந்தப் பதத்தின் முதல் வரியை மட்டும், மூன்று தடவை.

அவர் கால் நின்றுவிட்டது. திரும்பினார்.

"ஏலே! நீ அந்தத் தென்காசிப் பயலா? இங்கன என்னலே பண்ணுதே?"

"ஊதுதேன் அய்யா."

கோபப்படுவார் அல்லது வெட்கப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. என்னைத் தன் மேஜைக்கே கூட்டிக்கொண்டு போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார வைத்தார். ஊரில் அவர் முன்னால் நான் உட்கார்ந்ததே இல்லை. எலுமிச்சை சோடா வாங்கிக் கொடுத்தார்.

"என்னா ஒழுங்குலே! சீட்டு வாங்குதான், ஆடுதான், போறான். ஒரு சண்டை உண்டா, சத்தம் உண்டா? இதுல்லா நாகரிகம்! நம்ம ஊர்க்காரனுவளுக்கு இதெல்லாம் எங்க வெளங்கப் போவுது" என்றார். வியாபாரிகள் தலையாட்டினார்கள்.

கேட்பதற்கு எனக்கு நூறு கேள்வி இருந்தது. ஒன்றையும் கேட்கவில்லை. கோமதியின் கையெழுத்து விஷயத்தை மட்டும் சொன்னேன். பிச்சை கேட்கிற குரலில்தான் சொன்னேன்.

"பொம்பளப் பிள்ளையள் படிக்கணும்னுதானலே நாங்க இம்புட்டுத் தொண்ட கிழியக் கத்துதோம்! உங்க அக்காவ என்னய வந்து பாக்கச் சொல்லு. குத்தாலநாதர் சாட்சி, நான் போட்டுத் தாரேன்" என்று என் தோளைத் தட்டினார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து சொன்னதும் பொன்னம்மா பாயசம் வைத்தாள். எதற்கென்று தெரியாமலே முத்து இரண்டு தம்ளர் குடித்தான்.

5

காதர் அண்ணாச்சி அச்சன்புதூர்க்காரர். கைலி வியாபாரம். பினாங்குக்கும் ஊருக்குமாகக் கப்பலில் போய் வருகிறவர். எங்களுக்கு ஊர்ச் செய்தி கொண்டுவருவது அவர்தான். முத்து என்னிடம் கேபரே பற்றிக் கேட்டானே, அதற்கு இரண்டு நாள் கழித்து வந்தார். வழக்கமாக வாசலிலேயே சத்தமாகப் பேச ஆரம்பிக்கிறவர், அன்றைக்கு உட்கார்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"சீர்திருத்தச் சங்கத்து விழாவுக்குத் துணி கொடுக்கப் போயிருந்தேன். அன்னைக்கு உங்க அக்காவும் கோமதியும் காயிதத்தோட வந்து நின்னாவ. பண்ணையார் நல்லாத்தான் வாங்கிப் பாத்தாரு. பேனாவையும் எடுத்துட்டாரு. அந்நேரம் சங்கத்துக் கமிட்டில இருந்த ஒரு வக்கீலு, 'பிள்ளைக்கு அப்பன் என்ன பண்ணுதான்'னு கேட்டாரு. உங்க அக்கா, 'பினாங்குல இருக்கான்'னு மட்டும் சொன்னா."

"பெறகு?" என்றாள் பொன்னம்மா.

"எல்லாரும் பண்ணையார் மூஞ்சியப் பாத்தாவ. அவரு பினாங்கு போயிட்டு வந்தவருல்லா. பேனாவ மூடி வச்சாரு. 'அங்கன கேபரேல ஊதுதான். கண்ட பொம்பளையளுக்குப் பின்னால நடந்து நடந்து ஊதுதான். எவனோ சொல்லி நான் சொல்லல, என் ரெண்டு கண்ணால பாத்தேன்'னு சொல்லிட்டாரு."

"அங்கன பண்ணையாரு எதுக்குப் போனாருன்னு ஒருத்தரும் கேக்கலையா?"

"கேக்கலம்மா. எனக்கு வாய் வரைக்கும் வந்துச்சு. யாவாரம் பண்ணுதவன் நான்." தலையைக் குனிந்துகொண்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கூடத்தில் அத்தனை படித்தவர்கள் இருந்தார்கள். சாட்சி சொன்னவர் சம்பவ இடத்தில் என்ன செய்துகொண்டிருந்தார் என்பதுதான் கோர்ட்டில் வக்கீல் கேட்கிற முதல் கேள்வி. அந்த வக்கீலுக்கு அன்றைக்கு அது மறந்துபோயிருக்கிறது. கேபரேயைப் பார்த்தவரின் வாக்கு ஊரில் செல்லும். கேபரேயில் ஊதுகிறவனின் மகள் செல்லமாட்டாள்.

"அப்போ இந்த வருஷமும் போச்சா?" என்று கேட்டேன்.

"போகல. சேந்துட்டா."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பொன்னம்மா கையெடுத்துக் கும்பிட்டாள். காதர் அண்ணாச்சி அவசரமாகக் கையை ஆட்டினார்.

"இருங்க, முழுசாக் கேளுங்க. மறுநா காலையில பண்ணையாரே ஆள் விட்டு உங்க அக்காவ வரச் சொன்னாரு. குத்தாலநாதர் பேர்ல சத்தியம் பண்ணியிருக்காருல்லா, பயம் இருக்கும்லா. 'காயிதத்துல அநாதப் பிள்ளைன்னு இருந்தாப் போதும், நேத்துக் கேட்டவனும் கமிட்டில வாயத் தொறக்க மாட்டான். அத்தை வளக்குதா, தாய் தகப்பன் இல்லைன்னு எழுதிக் கொண்டாங்க, இப்பவே போட்டுத் தாரேன்'னுட்டாரு. உங்க அக்கா அழுதா. மாட்டேன்னு எந்திரிச்சா. கோமதிதான் பேனாவ வாங்கி எழுதுனா."

"அவளேயா?"

"அவளேதான். 'எங்க அப்பாவுக்கு வெளங்கும்'னு சொன்னாளாம்."

விளங்கியது. யாருக்கு விளங்காவிட்டாலும் எனக்கு விளங்கும். இறகுத் தலைப்பாகையை ஆணியில் மாட்டப் பழகியவன் இதற்கும் பழகிவிடுவான் என்று அந்தப் பிள்ளை கணக்குப் போட்டிருக்கிறாள். நான் அவள் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

பொன்னம்மா காதர் அண்ணாச்சியைப் பார்த்து, "தாய் தகப்பன்னா, என்னையுமா எழுதிட்டா?" என்று கேட்டாள்.

அவர் தலையாட்டினார்.

"நான் என்னத்த ஊதுனேன்?" என்றாள் பொன்னம்மா.

எழுந்து உள்ளே போய்விட்டாள். அடுப்படியில் பாத்திரம் தேய்க்கும் சத்தம் கேட்டது. தேய்த்த பாத்திரத்தையே திரும்பத் திரும்பத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேநீர் ஆட்டத்துக்கு நேரமாகிவிட்டது என்று நான் கோட்டைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

பயிற்சி முடிய இன்னும் காலம் இருக்கிறது. அதன் பிறகு வேலை, அதன் பிறகு கல்யாணம். எந்த இடத்தில் நாங்கள் உயிரோடு எழுந்து வந்து நின்றாலும் அந்த இடத்தில் அவளுக்கு இருப்பது போய்விடும். ஆகவே நானும் பொன்னம்மாவும் இனி ஊருக்கு வருவதாக இல்லை. முத்து 'உங்க ஊர்' என்று சொன்னால் இப்போதெல்லாம் நான் திருத்துவதில்லை.

வெளிநாட்டிலிருந்து எழுதுகிறவர்கள் கடைசியில், எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள் என்று எழுதுவது வழக்கம். மகளின் பெயரை இதில் மாற்றித்தான் எழுதியிருக்கிறேன். ஆனாலும் தென்காசி சின்ன ஊர், இன்னார் என்று கண்டுபிடித்துவிடுவீர்கள். உங்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். வழியில் எங்கேயாவது அவளைப் பார்த்தால், நாங்கள் கேட்டதாகச் சொல்லிவிடாதீர்கள்.